எங்கள் ஊர்ப் பூங்காவில் பழங்காசு தேடலாமா?

தென்கரைவாசி | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். லண்டனின் தென்பகுதியில் குடியிருக்கிறோம். மகளுக்கு 11 வயது. பள்ளியில் ரோமானியரைப் பற்றிப் பாடம் நடந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிறந்தநாள் பரிசாக நடுத்தர விலையில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தேன். வீட்டின் பின்புறத்தில் சோதித்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் 17 ஆணிகள், ஒரு கதவுக் கீல், பால் போத்தலின் தகட்டு மூடி, கடைசியாக 1967ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று கிடைத்தது. என் பாட்டி சுருக்குப் பையில் வைத்திருந்த வெள்ளி ரூபாயின் அகலம் இருக்கும். கழுவியதும் சூலத்தோடும் கேடயத்தோடும் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா தெரிந்தாள். அன்றிரவு மகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

எங்கள் தெருமுனையில் விக்டோரியா காலத்துப் பூங்கா இருக்கிறது. நடுவில் எண்கோண வாத்திய மேடை, சரிவான புல்வெளி, பெரிய ஓக் மரங்கள். நூறாண்டுக்கு மேலாக மக்கள் உட்கார்ந்து எழுந்த இடம். எத்தனை சட்டைப் பைகளிலிருந்து எத்தனை காசுகள் உதிர்ந்திருக்கும்! வருகிற சனிக்கிழமையை மகள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? எந்த இடத்தில் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திறந்தவெளி | செவ்வாய், இரவு 10.15

தாராளமாகப் போங்கள். பூங்கா பொதுச்சொத்து. உங்கள் வரிப்பணத்தில்தான் அங்கே புல் வெட்டுகிறார்கள். காசைத் தொலைத்தவர் போய்ச் சேர்ந்து நூறாண்டு ஆகிறது, அவர் வந்து கேட்கப் போவதில்லை. நான் 6 ஆண்டுகளாக விடியற்காலை 5 மணிக்குப் போகிறேன். ஒருவரும் தடுத்ததில்லை.

வாத்திய மேடையைச் சுற்றி 10 அடிக்குள் முதலில் பாருங்கள். அடுத்தது இருக்கைகளின் பின்பக்கம். பிறகு பிள்ளைகள் உருண்டு விளையாடும் சரிவு. மழை பெய்த மறுநாள் போனால் ஈரமண்ணில் ஓசை தெளிவாக வரும். குழியை ஒழுங்காக மூடிவிடுங்கள், அது போதும்.

வெள்ளிப்பென்னி | புதன், காலை 7.05

தென்கரைவாசி, சனிக்கிழமைக்குப் போட்ட வட்டத்தை இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கெண்ட் வயல்களில் 14 ஆண்டுகளாகத் தேடுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பூங்கா எல்லோருக்கும் பொது என்பது நடக்கவும் உட்காரவும் விளையாடவும் மட்டும்தான். அதன் மண்ணுக்கு உரிமையாளர் உண்டு. இந்த வழக்கு இங்கிலாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்விட்டது. சர்ரே மாவட்டத்து ஃபார்னம் பூங்காவில் 1992இல் ஒருவர் டிடெக்டர் வைத்து 9 அங்குல ஆழத்திலிருந்து இடைக்காலத்துத் தங்க ஊசிப்பதக்கம் ஒன்றை எடுத்தார். ஒளிக்கவில்லை, முறையாகத் தெரிவித்தார். அன்றைய சட்டப்படி அது புதையல் இல்லை என்று விசாரணை அதிகாரி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பூங்காவின் உரிமையாளரான வேவர்லி கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றத்தில் எடுத்தவர் வென்றார். 1995இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. மண்ணுக்குள் பதிந்து கிடப்பது மண்ணின் உரிமையாளருக்கே சொந்தம், பூங்காவில் பொழுதுபோக்க வந்தவருக்குத் தோண்டும் உரிமை கிடையாது என்று மூன்று நீதிபதிகளும் சொன்னார்கள். இன்றைக்கும் அதுதான் சட்டம்.

ஆகவே கவுன்சிலின் பூங்காப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். சில கவுன்சில்கள் நிபந்தனையோடு தருகின்றன, பல ஒரேயடியாக மறுக்கின்றன. ஹைட் பார்க், கிரீனிச் போன்ற அரச பூங்காக்களில் கேட்கவே வேண்டாம், அங்கே தடை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்று அறிவித்த நிலமாக இருந்தால், எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கருவியைக் கொண்டுபோய் இயக்குவதே குற்றம். 1979ஆம் ஆண்டின் சட்டம் அது. குழி தோண்டியிருக்கவே வேண்டியதில்லை.

திறந்தவெளி, உங்களை யாரும் தடுக்கவில்லை என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது.

தென்கரைவாசி | புதன், இரவு 8.30

நன்றி ஐயா. கவுன்சிலுக்கு இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன். மகளிடம் ஃபார்னம் வழக்கைச் சொன்னேன். "அவர் உண்மையைச் சொன்னதால்தானே இழந்தார்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

கருவியைப் பற்றியும் ஒரு சந்தேகம். திரையில் 0 முதல் 99 வரை எண் காட்டுகிறது. ஆணிக்கு 10க்குள் வருகிறது. அந்தப் பென்னிக்கு 80க்கு மேல் காட்டியது. இடையில் 40, 50 என்று வந்ததையெல்லாம் தோண்டினால் வெறும் அலுமினியத்தாளும் டின் மூடியின் வளையமுமாக இருந்தன. அந்த எண்களை ஒதுக்கிவிட்டு 70க்கு மேல் வருவதை மட்டும் தோண்டலாமா?

வெள்ளிப்பென்னி | புதன், இரவு 9.10

ஒதுக்காதீர்கள். காரணம் கேளுங்கள்.

தரையில் அசைக்கிற தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் படும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து தன் பங்குக்கு ஒரு சிறிய புலத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் கருவி எண் போடுகிறது. மின்சாரம் நன்றாக ஓடும் வெள்ளி, தடித்த செம்பு ஆகியவற்றுக்கு உயர்ந்த எண். மெல்லிய தகடு எதுவானாலும் எண் இறங்கிவிடும். தங்க மோதிரமும் டின் வளையமும் ஒரே எண்ணில் வருவது இதனால்தான். எடை குறைந்த பழைய வெள்ளிக்காசு அலுமினியத்தாளின் எண்ணில் வரும். கருவிக்குத் தெரிவது மின்சாரம் ஓடும் விதம் மட்டும்தான். காலமும் விலையும் அதற்குத் தெரியாது.

இந்த ஊர்க் காசுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1992க்கு முந்தைய 1, 2 பென்ஸ் காசுகள் வெண்கலம். அதற்குப் பிறகு அடித்தவை செம்பு பூசிய எஃகு, அவற்றின் ஓசையே வேறு. வெள்ளி வேண்டுமானால் ஆண்டைப் பாருங்கள். 1919 வரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் வெள்ளியே இல்லை. இரண்டு உலகப் போர்களின் செலவைக் காசைக் கையில் வைத்தே படிக்கலாம்.

வன்னிமகள் | புதன், இரவு 11.20

அண்ணா, நான் காசு தேடியவள் இல்லை. ஆனால் இந்தக் கருவியோடு 5 ஆண்டுகள் வாழ்ந்தவள். கண்ணிவெடி அகற்றும் பணியில் இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கம் வேலை செய்தேன். எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள். அநேகர் குடும்பத்தைத் தனியாகத் தாங்கியவர்கள். இப்போது பர்மிங்காமில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

70க்கு மேல் மட்டும் தோண்டலாமா என்று கேட்டீர்கள். எங்கள் வேலையில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. மிதிவெடிகளில் சிலவற்றில் உலோகம் மிகக் குறைவு. பேனா முனையளவு ஓசைக்கும் நின்று, முழந்தாளிட்டு, அது என்ன என்று கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த அடி. ஒரு மீட்டர் அகலப் பாதையில் நாள் முழுக்க வேலை செய்தால் சில சதுர மீட்டர்தான் நகரும். கிடைப்பது பெரும்பாலும் ஆணி, தோட்டா உறை, சாக்குக் கம்பி. ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு வந்தது. மேலாளர் அதைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார். அன்று மதியம் எங்களில் யாரும் சாப்பிடவில்லை.

பிள்ளைக்கு நான் சொல்லித் தர விரும்புவது மூன்று காரியம்.

தட்டை ஊஞ்சல் போல இரு முனையிலும் உயர்த்தி ஆட்டக்கூடாது. தரைக்கு ஒரு விரல் உயரத்தில், ஒரே மட்டத்தில், போன கோட்டின் மேல் பாதி படும்படி அடுத்த கோடு. வேகம் வேண்டாம். ஓசை வந்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒலித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒலித்தால் அநேகமாக வளைந்த ஆணி.

ஓசை வந்த இடத்தின் நேர் மேலே குத்தக்கூடாது. நாங்கள் ஒரு சாண் தள்ளிப் பள்ளம் இறக்கி, பக்கவாட்டில் கைக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் பொருளை அணுகுவோம். உயிருக்காகச் செய்தோம். ஆனால் காசுக்கும் அது நல்லது. மேலிருந்து குத்தினால் மண்வெட்டியின் விளிம்பு அரசனின் முகத்தில் படும்.

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கதவுக் கீல் போல விட்டு, புல்லை வேரோடு மடித்துத் திறக்கச் சொல்லுங்கள். எடுத்த மண்ணை ஒரு துணியில் கொட்ட வேண்டும். முடிந்ததும் மண்ணை உள்ளே போட்டு, கதவை மூடி, காலால் அழுத்தி, கொஞ்சம் தண்ணீர். மறுவாரம் வந்து பார்த்தால் இடம் தெரியக்கூடாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். லண்டன் மண்ணில் போர்க்காலக் குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. நீண்ட உருளை, வால்தகடு, பச்சையோ சாம்பலோ நிறத்தில் ஏதாவது தெரிந்தால் தொட வேண்டாம், சுரண்ட வேண்டாம். அடையாளம் வைத்துவிட்டு விலகிப் போய் 999ஐ அழையுங்கள். பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

தென்கரைவாசி | வியாழன், காலை 6.50

சகோதரி, நீங்கள் எழுதியதை மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொலுசைப் பற்றிய வரியில் என் குரல் நின்றுவிட்டது. புல்கதவை இன்று மாலையே பின்புறத்தில் பழகிப் பார்க்கப் போகிறாளாம்.

கருவூரான் | வியாழன், மாலை 5.30

கரூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு டிடெக்டர் தேவைப்பட்டதில்லை, அமராவதி ஆறே கொடுத்தது. ஆற்று மணலைத் தட்டில் அள்ளி நீரில் அலசி அலசிக் காசு எடுப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சங்ககாலச் சேரரின் சதுரச் செப்புக்காசு: ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். ரோமானியச் செப்புக்காசு, ஈயக்காசு எல்லாம் வரும். தலையுருவத்தோடு "மாக்கோதை" என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு கிடைத்ததும் எங்கள் ஊரில்தான். ரோமப் பேரரசர்களின் காசைப் பார்த்துச் சேரன் தன் முகத்தை அச்சடித்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காசின் படத்தை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் ஆற்றாமை இது. இந்தக் காசுகளில் மிகப் பல எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தன என்பது யாருக்கும் தெரியாது. கூலிக்காரர் கையிலிருந்து வியாபாரி கைக்கும், அங்கிருந்து சேகரிப்பாளர் கைக்கும் போகும். பாசி ஏறி உருவம் தெரியாதவை எடைக்குப் போகும். என் சித்தப்பா ஒரு பழைய பாத்திரக் கடையில் கை நிறையச் செப்புக்காசை எடைக்கு வாங்கி வந்தார். அதில் ஒன்றில் யானை தெரிந்தது. மற்றவை உருகிப் போயிருக்க வேண்டியவை. சேகரிப்பாளர்கள் வாங்கிக் காப்பாற்றியிராவிட்டால் இன்று நமக்கு அந்த மாக்கோதையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோமானியக் காசும் சேரன் காசும் ஒரே அடுக்கில் கிடந்தனவா, எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்டால் ஆற்று மணல் பதில் சொல்லாது.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்ற அந்த எல்லை இன்னும் மாறவில்லை. அதற்குள் அடங்காத பழங்காசு எது? 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. முறையாக அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. அப்படி நடந்தால் செய்தித்தாளில் வருகிறது. நடக்காதவை எத்தனை?

திறந்தவெளி | வியாழன், இரவு 9.00

கருவூரான் சொன்னதே என் பக்கத்துக்குச் சாட்சி. எடுத்தவர்கள் எடுத்ததால்தான் மிஞ்சியது. விட்டிருந்தால் மணல் லாரியில் போயிருக்கும்.

நான் ஆத்திரத்தில் எழுதவில்லை. ஆறு ஆண்டுகளாக மண்ணில் மண்டியிட்டவன். மண்ணுக்குள் காசு பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. உழவு வயலில் உரம் வெண்கலத்தைத் தின்கிறது, கலப்பை வெள்ளியை வளைக்கிறது. பூங்காவிலும் அப்படித்தான். நடைபாதை போட இயந்திரம் வந்து ஒரு நாளில் 200 ஆண்டு மண்ணை வாரிக்கொண்டு போகிறது. அப்போது கவுன்சில் யாரிடம் அனுமதி கேட்டது? எங்கள் பூங்காவில் புதிய விளையாட்டுத் திடல் போட்டபோது மூன்று லாரி மண் குப்பைமேட்டுக்குப் போனது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்ணில் என்ன இருந்தது என்று இனி யார் சொல்வது? ஒரு சாமானியன் விடியற்காலையில் ஒரு சாண் குழி தோண்டினால் மட்டும் வரலாறு அழிந்துவிடுமா?

வெள்ளிப்பென்னி | வியாழன், இரவு 10.40

உங்கள் கேள்வியில் பாதி நியாயம். உரம் தின்கிறது என்பது நான் கண்ணால் கண்ட உண்மை. ஒரே வயலில் 10 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ரோமானியச் செப்புக்காசுகள் என்னிடம் இருக்கின்றன. பிந்தி எடுத்ததில் முகமே இல்லை. அந்த மூன்று லாரி மண்ணை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

மறுபாதிக்கு ஹாக்ஸனைச் சொல்கிறேன். சஃபோக் மாவட்டத்துக் கிராமம். 1992 நவம்பரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடித்தரச் சொன்னார். நண்பர் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். தேடப் போனவருக்கு வெள்ளிக் கரண்டியும் தங்க நகையும் காசும் வந்தன. கொஞ்சம் எடுத்ததும் கையை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து கட்டியான மண்ணாகவே வெட்டி எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் பிரித்தார்கள். 14,865 காசுகள். அவர் கையை நிறுத்தியதால்தான், அது ஒரு மரப்பெட்டி, உள்ளே சிறு பெட்டிகள், துணி சுற்றி அடுக்கிய பாத்திரங்கள் என்பதெல்லாம் தெரிந்தது. மரம் மட்கிப் போயிருந்தது, கீல்களும் பூட்டுகளும் கிடந்த இடத்தை வைத்துத்தான் பெட்டியைக் கண்டார்கள். ஆர்வத்தில் அன்று மாலையே எல்லாவற்றையும் வாரியிருந்தால் இன்று நமக்கு இருப்பது ஒரு மூட்டை வெள்ளி மட்டும். வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. நிலத்தின் விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2015இல் ஹெரெஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலத்துப் புதையலை எடுத்துச் சொல்லாமல் விற்றார்கள். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள், மீண்டது 30 அளவில்தான். அந்தச் சிலவற்றில் வெசெக்ஸ் அரசரும் மெர்சியா அரசரும் அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். இரு நாட்டு உறவைப் பற்றிப் பாடநூல் சொன்னதையே மாற்றி எழுதவைத்த காசு அது. மற்ற 270இல் என்ன இருந்தது?

தென்கரைவாசி, மகளுடைய கேள்விக்கும் இதில் பதில் இருக்கலாம். ஃபார்னம்காரர் பதக்கத்தை இழந்தார், சரி. ஆனால் அந்தப் பதக்கம் எங்கே கிடந்தது என்பது இன்றும் உலகத்துக்குத் தெரியும்.

கருவூரான் | வெள்ளி, அதிகாலை 5.15

ஹாக்ஸன் புதையலில் நான்கு மிளகுக் குப்பிகள் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வெள்ளியில் செய்தவை. ஒன்று ஓர் உயர்குலப் பெண்ணின் உருவம், அடியில் தட்டைத் திருப்பினால் மிளகுப்பொடி விழும். அந்த மிளகு எங்கிருந்து போனது? நம் மேற்குமலைச் சரிவிலிருந்து. பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப் போன யவனரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். காசு இங்கே அமராவதி மணலில் கிடக்கிறது, குப்பி அங்கே சஃபோக் மண்ணில் கிடந்தது. ஒரே வணிகத்தின் இரண்டு முனை. அந்த முனையில் எது எதன் மேல் இருந்தது என்று வரைபடம் இருக்கிறது. இந்த முனையில் எங்களிடம் எடைச்சீட்டு இருக்கிறது.

ஏடுபடிப்பவள் | வெள்ளி, காலை 10.00

ஒரு சிறு வேண்டுகோள். எடுத்த காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். புளியும் சாம்பலும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சை அடுக்கில்தான் எழுத்தின் வடிவம் தங்கியிருக்கும், அதை உரித்தால் எழுத்தும் போய்விடும். பழங்காசென்று தோன்றினால் மண்ணோடு ஒரு சிறு காகித உறையில் வைத்து, மேலே நாளும் இடமும் பென்சிலால் எழுதுங்கள். ஈயக்காசைக் கையாண்டால் கையைக் கழுவுங்கள். யாழ்ப்பாணத்தில் என் தந்தை "சேது" என்று பொறித்த, அங்கே ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசு ஒன்றைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். நந்தி மட்டும் நிழலாகத் தெரிகிறது. அன்போடு செய்ததுதான்.

தென்கரைவாசி | 3 வாரம் கழித்து, திங்கள், இரவு 8.10

கவுன்சிலிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான இரண்டு வரி: எங்கள் பூங்காக்கள் எதிலும் மெட்டல் டிடெக்டருக்கு அனுமதி இல்லை. மகள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள். பிறகு கருவியைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

திறந்தவெளி | திங்கள், இரவு 8.40

கேட்காமலே போயிருந்தால் அந்தப் பிள்ளையின் முகம் வாடியிருக்காது. ஒரே வரியில் எல்லாப் பூங்காக்களையும் மூடுவது நேர்மையில்லை. காசு தேடுபவர்களைக் கூப்பிட்டு, இந்த மூலையில், இந்த நாளில், இந்த விதிப்படி தேடுங்கள் என்று சொல்ல ஒரு கவுன்சிலுக்கு என்ன தடை? இதை நான் கடைசிவரை சொல்வேன்.

வெள்ளிப்பென்னி | திங்கள், இரவு 9.30

அதில் நான் உங்களோடு நிற்கிறேன். அப்படி ஒரு மனு எழுதினால் என் கையெழுத்து உண்டு.

தென்கரைவாசி, அறுவடை முடிந்துவிட்டது. எனக்கு அனுமதி தந்திருக்கும் விவசாயியிடம் உங்களைப் பற்றிப் பேசினேன், மகளையும் அழைத்து வரச் சொன்னார். மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவோரின் தேசியக் கவுன்சில் என்ற சங்கத்தில் சேர்ந்தால் காப்பீடு கிடைக்கும், அதை மட்டும் முன்னதாக முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை 8 மணி. முழங்கால் காலணி அவசியம், வேலிக் கதவுகளை எப்படித் திறந்திருந்தனவோ அப்படியே விட வேண்டும்.

தென்கரைவாசி | ஞாயிறு, இரவு 10.20

கை நடுக்கத்தோடு எழுதுகிறேன்.

காலையிலிருந்து மதியம் வரை எங்களுக்கு ஈயத் துண்டு, ஒரு பித்தளைப் பொத்தான், இரும்பு. மகள் வன்னிமகள் அக்கா சொன்னபடியே நகர்ந்தாள்: தரைக்கு ஒரு விரல் உயரம், கோட்டின் மேல் பாதி கோடு. 2 மணி வாக்கில் 38 என்று ஓர் எண் வந்தது. பலவீனமான ஓசை. நான் "தாள்தான், விடு" என்றேன். அவள் 90 பாகை திரும்பி நின்று மறுபடியும் பார்த்தாள். அதே இடத்தில் ஒலித்தது. ஒரு சாண் தள்ளிக் குழி இறக்கி, பக்கவாட்டில் சுரண்டினாள். நான் பக்கத்தில் நின்று என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தது பிறை நிலா. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, தாளைப் போல மெல்லியது, கருஞ்சாம்பல் நிறம். ஒரு பக்கம் நேராக வெட்டியிருந்தது. வெள்ளிப்பென்னி ஐயா அதை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: வெள்ளிப் பென்னியின் பாதி. உடைந்ததில்லை, வெட்டியது. 1279 வரை இந்த நாட்டில் அரைப் பென்னிக் காசு பெரும்பாலும் கிடையாது. சந்தையில் பாதி விலைக்குப் பொருள் வாங்க, பென்னியையே பின்புறச் சிலுவையின் கோட்டில் இரண்டாக வெட்டினார்கள். கால் வேண்டுமானால் நான்காக. வெட்டிய ஓரத்தில் கத்தி முதலில் வழுக்கிய தடம்கூடத் தெரிகிறது. விளிம்பில் மூன்று எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. அச்சடித்தவர் பெயரின் கடைசிப் பகுதியாக இருக்கலாம் என்றார்.

மகள் அவரிடம் கேட்டது: "மற்றப் பாதி யாரிடம் போனது?"

ஒற்றைக் காசு என்பதால் புதையல் சட்டத்தில் வராது என்று விளக்கினார். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டோ கூடவோ வந்தால்தான் 14 நாளுக்குள் கொரோனர் எனும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனாலும் பழம்பொருள் பதிவுத் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் அடுத்த வாரம் கொண்டுபோகிறோம். 1997 முதல் நடக்கிற திட்டமாம். 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. விவசாயி அம்மா காசைப் பார்த்துவிட்டு, பதிவு முடிந்ததும் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

உறையின் மேல் மகள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: நாள், வயலின் ஆயத்தொலைவு எண், ஆழம் 14 செ.மீ., "கருவி 38 என்று சொன்னது".

வன்னிமகள் | ஞாயிறு, இரவு 10.45

தங்கச்சிக்கு என் முத்தம். 38ஐ விடாமல் திரும்பி நின்று பார்த்தாளே, அதுதான். குழியை மூடினாளா?

தென்கரைவாசி | ஞாயிறு, இரவு 10.50

மூடினாள், அக்கா. காலால் அழுத்தி, தன் குடிதண்ணீரையும் ஊற்றினாள்.

திறந்தவெளி | திங்கள், அதிகாலை 4.50

இந்த நேரத்தில் வழக்கமாகப் பூங்காவில் இருப்பேன். இன்று போகவில்லை. என் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 6 ஆண்டுக் காசுகள், எல்லாம் ஒன்றாக. இதில் இதே போல வெட்டிய ஒரு கால் துண்டு இருக்கிறது. உடைந்த காசென்று இத்தனை நாளும் அடியில் கிடந்தது. எந்தப் பூங்கா என்று தெரியும். எந்த மரத்தடி என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன.

நினைவிலிருந்து சொன்னால் அந்த அலுவலர் பதிந்துகொள்வாரா?

வெள்ளிப்பென்னி | திங்கள், காலை 6.30

தெரிந்தவரை சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஊரின் பெயர் மட்டும் இருந்தாலும் பதிவில் ஏறும். பூங்காவில் எடுத்தது என்பதை மறைக்க வேண்டாம். கவுன்சில் உரிமை கேட்கக்கூடும், அதற்கும் மனத்தைத் தயார்செய்துகொண்டு வாருங்கள். புதன்கிழமை நாங்கள் மூவரும் போகிறோம். டின்னையும் கொண்டு வாருங்கள், காரில் இடம் இருக்கிறது.

திறந்தவெளி | திங்கள், காலை 7.15

வருகிறேன். இரண்டு மரத்தையும் வரைந்து எடுத்து வருகிறேன்.